தனியாக சைக்கிளில் சென்னை டு கன்னியாகுமரி: மழை, எதிர்காற்று, பஞ்சர் வந்தால் என்ன செய்வது

முதல் தடவை நவம்பர் கடைசியில் கிளம்பினேன். சீர்காழியில் ஒரு லாட்ஜ் அறையில் மூன்று நாள் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சைக்கிளை ரயிலில் ஏற்றித் திரும்பினேன். அடுத்த தடவை பொங்கல் முடிந்து கிளம்பினேன். பதினோராவது நாள் கன்னியாகுமரி. சைக்கிளும் அதேதான், வழியும் அதே கிழக்குக் கடற்கரை வழிதான். இரண்டு விஷயம்தான் மாறியிருந்தது. ஒன்று, கிளம்பிய தேதி. இன்னொன்று, "இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" என்று வீட்டிலேயே எழுதி மடித்துக்கொண்ட ஒரு தாள்.

அந்தத் தாளை நீங்களும் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். துணைக்கு ஆள் இல்லாத பயணத்தில், நனைந்து, பசித்து, கால் வலிக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அந்த முடிவுகளைத் தெளிவான மனதோடு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

1. முதலில் தேதி, அப்புறம்தான் சைக்கிள்

சென்னையிலிருந்து தெற்கே போவதற்கு ஜனவரி 20-லிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆனால் வாடைக்காற்று இன்னும் வீசிக்கொண்டிருக்கும். நீங்கள் தெற்கும் தென்மேற்குமாகப் போவதால் அது பல இடங்களில் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல உதவும்.

மார்ச் பிறந்துவிட்டால் நண்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்பி முகத்தில் அடிக்கத் தொடங்கும். மே மாதம் அக்னி நட்சத்திரம், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கூடங்குளம் பக்கமெல்லாம் ஏன் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள் என்பது அந்த மாதங்களில் சைக்கிளில் போனால் தெரியும். கடைசி இரண்டு நாள் உங்களை நகரவே விடாது.

டிசம்பர் பற்றி ஒரு எச்சரிக்கை. "புயல் எதுவும் அறிவிக்கவில்லையே, தெற்கே அவ்வளவு மழை இருக்காதே" என்று நினைப்பவர்கள் நிறைய. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பெயர் வைத்த புயல் எதுவும் அப்போது இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் உங்கள் வழி அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஆகவே அக்டோபர் நடுவிலிருந்து பொங்கல் வரை இந்தப் பயணமே வேண்டாம் என்பது என் தீர்மானம்.

2. நாட்கணக்கில் மூன்று நாளை உபரியாக வையுங்கள்

வழி மொத்தம் 750-லிருந்து 800 கிலோமீட்டர் வரும், ஊருக்குள் எவ்வளவு சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர் என்று வைத்தால் பத்துப் பதினொரு நாள். விடுப்பு எடுக்கும்போது 14 நாள் எடுங்கள்.

அந்த மூன்று நாளை ஊர் சுற்றிப் பார்க்க என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவை மழைக்கும் காய்ச்சலுக்கும் உடைந்த சைக்கிளுக்கும் உரியவை. முதல் பயணத்தில் என்னிடம் உபரி நாள் ஒன்றுகூட இல்லை. அதனால் முதல் நாள் மழையிலேயே, "இன்று நின்றால் கணக்கு போய்விடும்" என்று 40 கிலோமீட்டர் நனைந்துகொண்டே ஓட்டினேன். மறுநாள் காய்ச்சல். ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று நாள் போனது.

பணத்துக்கும் இதே கணக்குதான். இரண்டாம் பயணத்தில் லாட்ஜுக்குச் சராசரியாக ஒரு இரவுக்கு 750 ரூபாய் ஆனது. சாப்பாடு, இளநீர், டீ எல்லாம் சேர்த்து நாளுக்கு 400. வழியில் சைக்கிள் செலவு 900. ரயில் செலவை விட்டுவிட்டால் மொத்தம் 13,000-க்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு மேல் 4,000 ரூபாயைத் தனியாக, ஒரு பகுதியை நோட்டாகவே, நனையாத உறையில் வையுங்கள். பலத்த மழையில் மின்சாரமும் செல்போன் கோபுரமும் போய்விட்டால் யுபிஐ வேலை செய்யாது. அன்றைக்குக் கையில் காசு இருப்பவருக்குத்தான் சோறு.

3. ஆவணங்கள்

கையில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

- ஆதார் அசல், கூடவே நகல் ஐந்து. லாட்ஜில் கேட்பார்கள், ரயிலில் சைக்கிள் பதியும்போதும் கேட்கலாம். மயிலாடுதுறையில் நகல் இல்லாமல் ஜெராக்ஸ் கடை தேடி அலைந்ததில் அன்றைய ரயில் எனக்குப் போய்விட்டது.
- சைக்கிள் வாங்கிய பில்லின் நகல். பெடலுக்குக் கீழே பிரேமில் அடித்திருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். சைக்கிள் திருடு போனால் போலீஸில் புகார் கொடுக்க அது வேண்டும்.
- ரத்த வகை, வீட்டார் எண், ஒவ்வாமை இருந்தால் மருந்தின் பெயர். ஒரு அட்டையில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். போன் பூட்டியிருந்தால் அதில் உள்ளது யாருக்கும் உதவாது.
- மருத்துவக் காப்பீடு இருந்தால் அதன் அட்டை.

ராமநாதபுரம் கடலோரச் சாலைகளில் தனியாக வரும் வெளியூர்க்காரரை நிறுத்தி விசாரிப்பது வழக்கம். என்னை இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். ஆதாரைக் காட்டி, எங்கிருந்து எங்கே என்று சொன்னதும் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். கூடங்குளம் அணுமின் நிலையப் பக்கம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

4. டயரும் டியூபும்: கிராமத்துக் கடையில் என்ன கிடைக்கும்?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். சென்னையில் வாங்கும் மெல்லிய 700 சி டயர் சைக்கிளுக்கு, மணமேல்குடியிலோ சாயல்குடியிலோ டியூப் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சின்ன ஊர்க் கடைகளில் இருப்பது பழைய பெரிய சைக்கிள் டியூப், பையன்கள் ஓட்டும் 26 இன்ச் தடி டயர் டியூப், அவ்வளவுதான். உங்கள் அளவு வேறு என்றால் டியூப் மூன்று கையோடு வேண்டும்.

வால்வையும் பாருங்கள். கார், பைக்கில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு என்றால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றுப் பிடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அதற்கான பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி, ஒன்றை வால்விலேயே மாட்டி வையுங்கள். மற்றதைப் பர்ஸில் போடுங்கள். நகத்தளவுதான் இருக்கும், தொலைந்துபோகும்.

தொண்டி தாண்டி தூத்துக்குடி வரை உங்களுக்கு எதிரி சீமைக்கருவேல முள். சாலையோரமெல்லாம் அதுதான் மண்டிக்கிடக்கும். வெட்டிய கிளைகளை லாரி ஏற்றிப் போகும்போது உதிர்ந்த முள் தாரிலும் கிடக்கும். மூன்று பழக்கம் என்னைக் காப்பாற்றியது. மூத்திரம் போக நிறுத்தினாலும் சைக்கிளைத் தாரைவிட்டு மண்ணில் இறக்குவதில்லை. டீக்கடையில் நிற்கும்போதெல்லாம் டயரைச் சுற்றி விரலால் தடவி, குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்கிவிடுவேன், பாதி முள் டியூபை எட்டும் முன்பே அகப்பட்டுவிடும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிப் பட்டையாகப் போட்டிருந்தேன். சைக்கிள் கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை.

பஞ்சர் ஆனால் மாற்று டியூபை உடனே மாட்டிவிடாதீர்கள். டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று துடையுங்கள், முள் இருந்தால் துணியில் சிக்கும். அதைச் செய்யாமல் ஏர்வாடி வழியில் ஒரே முள்ளுக்கு இரண்டு டியூபைக் கொடுத்தேன்.

கியர் சைக்கிள் என்றால் பின்கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு, கடைக்காரர்கள் ஹேங்கர் என்பது, உங்கள் மாடலுக்குரியது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். வழியில் எங்கும் கிடைக்காது.

5. காலையில் ஐந்து நிமிடம்: போவதா, நிற்பதா?

முந்தின இரவும் காலையும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி முன்னறிவிப்பைப் பாருங்கள். நீங்கள் இருக்கும் மாவட்டம் மட்டும் போதாது, மாலையில் போய்ச்சேரும் மாவட்டமும் வேண்டும். அவர்கள் சொல்லும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, 11.56-ஐத் தொட்டால் மிக கனமழை, 20.44-ஐத் தாண்டினால் அதி கனமழை.

என் தாளில் எழுதியிருந்தது இது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் பாதித் தூரம், அதுவும் வழியில் ஊர்கள் அடுத்தடுத்து இருந்தால். ஆரஞ்சு என்றால் அறையை விட்டுக் கிளம்புவதில்லை. சிவப்பு என்றால் அறை தரைத்தளத்தில் இருந்தால் மேல்மாடிக்கு மாற்றிக் கேட்பது. இதில் பேரம் கிடையாது. காலையில் வெயில் அடித்தாலும் கிடையாது.

பகலில் சந்தேகம் வந்தால் மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பையும் காரைக்கால் ரேடார் படத்தையும் பார்க்கலாம். மின்னலுக்குத் தாமினி செயலி உண்டு.

நெட் இல்லாத இடத்தில் கடற்கரையைப் பாருங்கள். நல்ல நாளில் படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடந்தால், போய் ஏன் என்று கேளுங்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை மீனவர்களுக்கு முன்னதாகவே வந்துவிடும். வாடை, கச்சான் என்று அவர்கள் சொல்லும் காற்றுக்கணக்கைக் காது கொடுத்துக் கேளுங்கள், அடுத்த இரண்டு நாள் எந்தப் பக்கக் காற்று என்று தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்பது மட்டும் மீன்பிடித் தடைக்காலத்தால், அதை வானிலையோடு குழப்ப வேண்டாம்.

மாநில பேரிடர் உதவி எண் 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் ரத்த வகை எழுதிய அந்த அட்டையில் எழுதுங்கள்.

6. மழையில் மாட்டிக்கொண்டால்

முதல் பத்து நிமிட மழைதான் வழுக்கும். தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து மேலே வரும் நேரம் அது. வேகத்தைப் பாதியாக்குங்கள், இல்லையென்றால் இறங்கி ஒதுங்குங்கள். ரிம்மில் கட்டை பிடிக்கும் பிரேக் நனைந்தால் உடனே பிடிக்காது. முன்கூட்டியே லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிட்டு அப்புறம் பிடியுங்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா என்று தெரியாவிட்டால், முன்னால் போகும் பைக் ஒன்று கடக்கும் வரை நில்லுங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் அது முழங்கால் அளவே ஆனாலும் சைக்கிளோடு இறங்காதீர்கள்.

மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடி கேட்டால் உடனே கூரைக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் கிளம்ப வேண்டும். தனிப் பனைமரம், புளியமரம், திறந்த வயல் மூன்றும் கூடாது. பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க் அலுவலகம், இப்படி எதையாவது தேடுங்கள். கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் தூண்மேல் எழுப்பிய கட்டடங்களாக நிற்கும். போகும் வழியில் அவற்றைக் கண்ணில் குறித்துக்கொண்டே போங்கள்.

மழைக்கோட்டைப் பற்றி: நம் ஊர் வெக்கையில் தடித்த மழைக்கோட்டுக்குள் வியர்வையில் நனைவதும் மழையில் நனைவதும் ஒன்றுதான். மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று போதும், மழை நின்ற பிறகு அது குளிராமல் காக்கும். நனையக் கூடாதது உடம்பல்ல, பை. துணி, போன், பவர் பேங்க் ஒவ்வொன்றையும் தனித்தனி தடித்த பாலிதீன் கவரில் முறுக்கிக் கட்டுங்கள். "வாட்டர்ப்ரூப்" என்று எழுதியிருக்கும் பையை நம்பித்தான் முதல் பயணத்தில் உலர்ந்த துணி ஒன்றுகூட இல்லாமல் நின்றேன்.

அறைக்கு வந்ததும் முதல் வேலை குளியல் அல்ல, செயின். பழைய துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். மழைநீரும் உப்புக்காற்றும் சேர்ந்தால் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளப் பக்கம் மழை இல்லாத நாளிலும் இதைச் செய்ய வேண்டும். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் காலையில் பாதி காய்ந்திருக்கும். தொடை உராயும் இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிப் படுங்கள்.

7. எதிர்காற்றில் கணக்கை மாற்றுங்கள்

எதிர்காற்று வந்தால் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்குக்கு மாறுங்கள். நான் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் பெடல் போடுவேன். அதில் 80 வந்தாலும் சரி, 45 வந்தாலும் சரி, அடுத்த ஊரில் அறை. எதிர்காற்றில் 80-ஐப் பிடித்தே தீருவேன் என்று கனமான கியரில் அழுத்துகிறவர்களுக்குத்தான் முட்டி போகிறது. லேசான கியரில் போட்டுக் காலை வேகமாகச் சுற்றுங்கள். கடற்காற்று எழும்புவதற்குள், பதினொரு மணிக்குள், முக்கால் தூரத்தை முடிப்பதுதான் இதற்கு உண்மையான மருந்து.

ஆனால் இருட்டில் கிளம்பாதீர்கள். தை மாதத்தில் டெல்டாவில் விடிகாலைப் பனி கண்ணை மறைக்கும். ஆறரைக்கு மேல், பின்விளக்கை எரியவிட்டுப் போங்கள். அதே பருவத்தில் சம்பா அறுவடையும் நடக்கும். சாலையில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். நெல்லின் மேல் ஏற்றாதீர்கள், அது ஒருவரின் ஆறு மாத உழைப்பு. வைக்கோல் பின்கியரில் சுற்றிக்கொள்ளும், இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

பக்கக்காற்று இதைவிட ஆபத்து. பேருந்து உங்களைக் கடக்கும் நொடியில் காற்று மறைந்து, கடந்ததும் மறுபடி அடிக்கும். சைக்கிள் ஒரு முழம் நகர்ந்துவிடும். பேருந்துச் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடியுங்கள்.

8. வெயில்: ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர். நிழல் அரிது. பிப்ரவரியிலேயே பதினொரு மணிக்குத் தார் கொதிக்கும். இதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல் இரண்டாக வெட்டுங்கள். தண்ணீர் நான்கு லிட்டர் சுமந்து, கடை தெரியும் இடத்திலெல்லாம் நிரப்புங்கள்.

வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் மதியத்துக்கு மேல் தலை சுற்றும், கெண்டைக்கால் பிடிக்கும். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பாதியாகக் கரைக்காதீர்கள். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, உடன்குடிப் பக்கம் வந்ததும் கருப்பட்டி, எல்லாம் நல்லது. வியர்வை நின்று தோல் காய்ந்து சூடாகி, பேச்சு குழறினால் அது வெயில் அதிர்ச்சி. அந்த நிலையில் உங்களால் உங்களைப் பார்த்துக்கொள்ள முடியாது. அதற்கு முன்பே, தலை வலிக்கும்போதே, நிழலில் படுத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

9. நாய் கடித்தால்

துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தாலோ பல் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். மீதி ஊசிகளை அடுத்தடுத்த ஊர் அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம், சீட்டைத் தொலைக்காமல் வைத்திருந்தால் போதும்.

10. பாதியில் நிறுத்துவதும் ரயிலில் சைக்கிள் ஏற்றுவதும்

நிறுத்தும் அளவையும் தாளில் எழுதுங்கள். என்னுடையது: காய்ச்சல் இரண்டாம் நாளும் இருந்தால், முட்டி வலி படி ஏறும்போது தெரிந்தால், உபரி நாள் மூன்றும் தீர்ந்தும் மழை விடாவிட்டால். அப்படி வந்தால் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைப் பேசி அருகிலுள்ள பெரிய ஸ்டேஷனுக்குப் போங்கள். ரயில் இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் ஸ்டேஷனில் சைக்கிளை ஏற்றுவது நடக்காது. விழுப்புரம், மயிலாடுதுறை, ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற இடங்களைக் கணக்கில் வையுங்கள். முடிந்தவரை ரயில் புறப்படும் ஸ்டேஷனாகவே பாருங்கள்.

கன்னியாகுமரியில் முடித்தால் வேலை எளிது, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பார்சல் ஆபீஸில் "லக்கேஜ்" என்று கேளுங்கள். உங்கள் டிக்கெட்டோடு பதிந்து அதே ரயிலின் பிரேக் வேனில், அதாவது சாமான் ஏற்றும் பெட்டியில், வரும். டிக்கெட் இல்லாமல் "பார்சல்" என்று பதிந்தால் எந்த ரயிலில், எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. டிக்கெட்டுக்குரிய இலவசச் சுமை அளவில் சைக்கிள் சேராது, எடைக்கும் தூரத்துக்கும் தனிக்கட்டணம் உண்டு. ரயில் கிளம்ப அரை மணிக்கு முன் பதிந்தாக வேண்டும் என்றாலும் இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

பம்ப், விளக்கு, பாட்டில், பை எல்லாவற்றையும் கழற்றி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, பின்கியரைச் சுற்றி அட்டை வைத்துச் சாக்குத் தையுங்கள். பெயர், போன் எண், புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன், டிக்கெட் எண் ஆகியவற்றை இரண்டு அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று கிழிந்தாலும் ஒன்று இருக்கும். கட்டிய பிறகு ஒரு போட்டோ. ரயில் வந்ததும் பிரேக் வேன் பக்கம் போய், சைக்கிள் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு உங்கள் பெட்டிக்குப் போங்கள். இறங்கியதும் நேராக மறுபடி பிரேக் வேன். வாங்காமல் போட்டுவிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வாடகை ஏறும், அந்த நேரம் எவ்வளவு என்பதை ரசீது வாங்கும்போதே கேட்டு அதன் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.